வாங்கப்பட்டவளும் நானும்

"என் ஆப்ப வாங்கிட்டாங்கடி!" என்று அவள் போனில் கத்தியபோது நான் குக்கரின் மூன்றாவது விசிலுக்காகக் காத்துக்கொண்டிருந்தேன். யார் வாங்கினார்கள் என்று விளங்கவே எனக்கு ஒரு நிமிடம் ஆனது. உலகம் முழுக்க ஆட்கள் உட்கார்ந்து பேசி, படம் போட்டு, சண்டை பிடித்துப் பொழுதைக் கழிக்கிற அந்தச் சமூக வலைத்தளம், என் தோழி தனியாளாக எழுதிய ஆப்பை விலைக்கு வாங்கிவிட்டது. ஆப்போடு சேர்த்து அவளையும் வேலைக்கு எடுத்துக்கொண்டது. "சூப்பர்டி, சூப்பர்டி" என்று நான்கு முறை சொன்னேன். ஒரு முறை சொல்லியிருந்தால் போதும். நான்கு முறை சொன்னதிலேயே அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும், தெரியவில்லை. சந்தோஷத்தில் இருக்கிறவர்களுக்குக் காது கொஞ்சம் மந்தம்.

போனை வைத்த பிறகு எனக்கு வயிறு எரிந்தது. வேறு நல்ல வார்த்தை போட்டு இதை அழகாக்க எனக்கு விருப்பமில்லை. பொறாமைதான். சாம்பாரில் உப்புப் போட்டது நினைவில்லாமல் இரண்டாம் முறையும் போட்டேன். அன்றைக்கு என் கணவர் சாம்பாரை ஒதுக்கிவிட்டு, சோற்றில் மோர் ஊற்றிச் சாப்பிட்டு எழுந்து போனார்.

நாங்கள் இருவரும் திருவண்ணாமலையில் இன்ஜினியரிங் படித்தவர்கள். நான்கு வருடமும் ஒரே பெஞ்சு. நான் கீழ்பென்னாத்தூர்ப் பக்கம், அவள் அடி அண்ணாமலை. இரண்டுமே நெல்லும், மல்லாட்டை என்று நாங்கள் சொல்கிற வேர்க்கடலையும் பயிர் வைக்கிற குடும்பங்கள். படித்து முடித்துச் சென்னையில் கொஞ்ச காலம் வேலை பார்த்தோம். எனக்குக் கல்யாணமானது. கணவர் திருவண்ணாமலையிலேயே பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார் என்பதால் நான் திரும்பி வந்தேன். அவள் கல்யாணப் பேச்சையெல்லாம் ஒதுக்கிவிட்டு, வேலையையும் விட்டுவிட்டு, செங்கம் ரோட்டில் வெளிநாட்டுக்காரர்கள் தங்குகிற பக்கமாக மாடியில் ஒரு அறை எடுத்து ஆப் எழுத உட்கார்ந்தாள். நானும் எழுதினேன். அவளுக்கு ஜன்னலைத் திறந்தால் மலை. எனக்குச் சமையலறைக்குப் பக்கத்து அறை, ஜன்னலைத் திறந்தால் எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டி. அப்போதே ஆரம்பித்துவிட்டது என்று நினைக்கிறேன்.

எங்கள் தொழிலைப் பற்றி இங்கே இரண்டு வரி சொல்ல வேண்டும். அந்த வலைத்தளம் அந்தக் காலத்தில் ஒரு பின்வாசலைத் திறந்து வைத்திருந்தது. ஏ.பி.ஐ. என்பார்கள். அந்த வாசல் வழியாக எங்களைப் போன்ற வெளியாட்கள் உள்ளே இருக்கிற பதிவுகளை எடுத்து, எங்கள் ஆப்பில் எங்களுக்குப் பிடித்த மாதிரி காட்டலாம். அவர்களே வைத்திருந்த ஆப் விளம்பரமும் கூச்சலுமாக இருந்ததால் எங்களுடையதைத் தேடி வர ஆட்கள் இருந்தார்கள். அவளுடைய ஆப் பளபளப்பானது, இளவட்டங்களுக்கு. என்னுடையது பெரிய பெரிய தமிழ் எழுத்து, மங்கலில்லாத நிறம், ஒரு திரையில் ஒரே பதிவு. கண் பார்வை குறைந்தவர்களும் வயதானவர்களும் வைத்திருந்தார்கள். சில ஆயிரம் பேர். எனக்கு அது ஒரு ஊரை ஆளுகிற மாதிரி இருந்தது.

கீழ்பென்னாத்தூரில் ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் இருந்தார். மகன் வெளிநாட்டில். போன் செய்து பேச நேரம் ஒத்துவராது என்று மகன் அந்தத் தளத்தில்தான் தினமும் ஏதாவது எழுதுவான், பேத்தியின் படம் போடுவான். தபால்காரர் அதை என் ஆப்பில்தான் படிப்பார். உதவிக்கு என்று ஆப்பில் நான் கொடுத்திருந்த எண்ணுக்கு மாதம் ஒருமுறை கூப்பிட்டு, "எழுத்து நல்லா தெரியுதும்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிடுவார்.

வாரத்தில் ஒரு நாள் விடியற்காலையில் அவளும் நானும் மலையைச் சுற்றி நடப்போம். லிங்கத்துக்கு லிங்கம் நின்று கற்பூரம் ஏற்றிக் கும்பிடுகிறவர்களுக்கு நடுவில் நாங்கள் எந்த வரியில் பிழை, எந்தப் பட்டன் எங்கே என்று பேசிக்கொண்டே பதினான்கு கிலோமீட்டரும் போவோம். அப்படி நடந்த ஒரு நாள், எமலிங்கம் தாண்டியதும், நான்தான் அவளிடம் சொன்னேன். அந்தத் தளம் பதிவுகளைத் தன் இஷ்டத்துக்குக் கலைத்துப் போட்டுக் காட்டுகிறது, நேற்று எதுவரைக்கும் படித்தோமோ அங்கிருந்து இன்றைக்கு வரிசையாகக் காட்டினால் எப்படி இருக்கும் என்று. அவள் நின்றுவிட்டாள். "செமயா இருக்குடி. நான் போட்டுக்கட்டுமா?" என்றாள். "போட்டுக்கோ, அதுக்கென்ன" என்றேன்.

அந்தத் தளம் அவள் ஆப்பை வாங்கியதாக வெளியிட்ட அறிவிப்பில் முதல் பத்தியே அந்த வசதியைப் பற்றித்தான் இருந்தது. விட்ட இடத்திலிருந்து படிக்கலாம், அற்புதமான யோசனை என்று. திருடினாள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, ஏனென்றால் அவள் கேட்டாள், நான் கொடுத்தேன். திருடியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். நிம்மதியாகத் திட்டியிருப்பேன்.

அன்றைக்கே என் மெயிலில் ஸ்பேம் பெட்டியைத் திறந்தேன். அவளுக்கு எழுதியவர்கள் எனக்கும் எழுதியிருப்பார்கள், நான்தான் கவனிக்காமல் விட்டிருப்பேன் என்று ஒரு நப்பாசை. லாட்டரி விழுந்தது, வழுக்கையில் முடி முளைக்கும் என்கிற மெயில்களுக்கு நடுவில் ஒவ்வொன்றாகத் தேடிப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. என்னை யாரும் நினைக்கவே இல்லை.

அடுத்து ஃப்ளெக்ஸ். அடி அண்ணாமலையில் அவள் வீட்டுக்காரர்கள் எல்லோரும் சேர்ந்து பாதை ஓரமாக ஒரு பெரிய பேனர் கட்டிவிட்டார்கள். 'உலக நிறுவனம் தேடி வந்து வாங்கிய எங்கள் ஊர்ச் சிங்கப்பெண்' என்று எழுதி, ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் அவள், மேலே அந்தத் தளத்தின் சின்னம். கிரிவலம் வருகிற லட்சம் பேரும் அதைப் பார்த்துவிட்டுத்தான் போக வேண்டும். அந்தப் படத்தில் அவள் கட்டியிருந்தது மயில்கழுத்து நிறப் புடவை. தேரடித் தெருக் கடையில் அதை எடுத்துக் கொடுத்தவளே நான்தான். எனக்கு எடுத்துக்கொள்ளலாமா என்று யோசித்து, அவளுக்குத்தான் பொருந்தும் என்று விட்டுக்கொடுத்த புடவை.

ஸ்கூட்டியில் அந்த வழியாகப் போகும்போது பேனரைப் பார்க்கக் கூடாது என்று முடிவு செய்துகொண்டு போவேன். பார்ப்பேன். ஒரு நாள், பாதையோரத்தில் தான் வைத்திருந்த டீக்கடையில் இருந்து அவளுடைய அம்மா என்னைக் கையைக் காட்டி நிறுத்தினார். டீ கொடுத்து உட்கார வைத்து, "நீயும் அவகூடத்தான படிச்ச? உன்னுத இன்னும் வாங்கலியாம்மா?" என்று கேட்டார். கல்யாணமான புதிதில் எல்லோரும் என்னிடம் விசேஷம் உண்டா என்று கேட்ட அதே குரல். "இல்லம்மா, பேசிக்கினு இருக்காங்க" என்று பொய் சொன்னேன். அவர் மனப்பூர்வமாக, "உனுக்கும் நடக்கும் பாரு, அண்ணாமலையார் கைவிட மாட்டாரு" என்றார். அந்த அம்மாள் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் அந்த டீ இறங்கவில்லை.

அவள் பெங்களூருக்குப் போனாள். நான்கு மாதம் கழித்து அந்தத் தளம் அவள் ஆப்பை மூடியது. விட்ட இடத்திலிருந்து படிக்கிற வசதியை மட்டும் எடுத்துத் தங்கள் ஆப்பில் சேர்த்துக்கொண்டார்கள். மீதியைக் குழி தோண்டிப் புதைத்தார்கள். இதையும் அவளே கூப்பிட்டுச் சொன்னாள்.  "மூடறதுக்குத்தான் வாங்கினாங்களாம்டி. இதே மாதிரி வேற ஒண்ணும் நான் எழுதக் கூடாதுன்னு கையெழுத்து வேற வாங்கிட்டாங்க" என்றாள். "அடப்பாவமே" என்றேன். அன்றைக்கு மட்டும் சமையல் எனக்கு அவ்வளவு நன்றாக வந்தது. பாயசம் வைத்தேன். இன்று என்ன விசேஷம் என்று கணவர் கேட்டதற்குச் சேமியா மிச்சம் இருந்தது என்றேன்.

அவள் ஆப்பை வைத்திருந்தவர்களில் ஒரு பகுதி என்னுடையதற்கு வந்தார்கள். கொஞ்ச நாள் தலைகால் புரியவில்லை. பிறகு ஒரு மத்தியானம், துணி மடித்துக்கொண்டிருந்தபோது அந்த எண்ணம் வந்தது. அவளுடையது இருந்தால் தங்களுக்கு ஆபத்து என்று நினைத்துத்தான் பெரிய கம்பெனி அதை வாங்கி மூடியது. என்னுடையது இருந்தாலும் ஒன்று, இல்லாவிட்டாலும் ஒன்று. அதைக் கொல்வதற்குக்கூட யாரும் செலவு செய்யவில்லை. செத்துப்போன ஆப்பைப் பார்த்தும் பொறாமைப்பட முடியும் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

அடுத்த வருடம் அந்தத் தளம் பின்வாசலையே மூடப்போவதாக அறிவித்தது. வெளியாட்களின் ஆப் எதுவும் இனி வேலை செய்யாது, மாதக் கடைசி வரைதான் அவகாசம். எனக்குத் தெரிந்து எத்தனையோ பேர் எங்கெங்கோ உட்கார்ந்து புலம்பினார்கள். நானும் புலம்பினேன். கணவர் கணக்கு வாத்தியார் என்பதால் ஆறுதல்கூடச் சுருக்கமாகத்தான் சொல்வார். "வேற எழுதிக்கலாம், உடும்மா" என்றார்.

ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் அவள் கூப்பிட்டாள். மூச்சு வாங்கப் பேசினாள். "கேளுடி. வயசானவங்க, கண்ணு தெரியாதவங்க யூஸ் பண்ற ஆப் மட்டும் கொஞ்சம் விட்டு வெக்கறாங்க. சின்ன லிஸ்ட்டு. நான் சண்ட போட்டு உன்னுத சேத்துட்டேன். நாளைக்குக் காலைல உனக்கு ஒரு மெயில் வரும். உறுதிப்படுத்துன்னு ஒரு பட்டன் இருக்கும், அத அமுக்கினாப் போதும். சாயந்திரம் ஆறு மணியோட லிஸ்ட்ட மூடிடுவாங்க. மறந்துடாதடி."

"சரிடி" என்றேன். நன்றி என்று சொன்னேனா என்று நினைவில்லை. சொல்லியிருக்க மாட்டேன்.

சனிக்கிழமை காலை மெயில் வந்தது. லேப்டாப்பில் திறந்தேன். நான்கைந்து வரிதான். ஆப்பின் பெயர் இருந்தது, என் பெயர் இருந்தது. அதற்குக் கீழே, 'பரிந்துரைத்தவர்' என்று போட்டு அவள் பெயர், பக்கத்தில் அவளுடைய பதவி. இரண்டு வரிக்கு வருகிற நீளமான பதவி. அதற்கும் கீழே பச்சை நிறத்தில் பட்டன்.

அமுக்கப் போன விரல் நின்றுவிட்டது. அதை அமுக்கினால் என் ஆப் பிழைக்கும். பிழைத்து, அது இருக்கிற காலம் வரைக்கும் அவள் போட்ட பிச்சையாக இருக்கும். அடி அண்ணாமலைக் கடையில் அவள் அம்மா சொல்வார், என் பொண்ணுதான் அந்தப் பொண்ணுக்கும் வழி பண்ணிவிட்டா என்று. என் யோசனையை எடுத்துக்கொண்டு போனவள், என் புடவையைக் கட்டிக்கொண்டு பேனரில் நிற்பவள், இப்போது என்னைக் காப்பாற்றவும் செய்வாளா? சமைத்துவிட்டு வந்து அமுக்கலாம் என்று எழுந்து போனேன்.

அன்றைக்குப் பௌர்ணமி. எங்கள் ஊரில் பௌர்ணமி என்றால் பஸ்ஸையெல்லாம் ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிடுவார்கள், தெருவில் தலைகள்தான் தெரியும். அத்தனை பேர் கையிலும் ஒரு போன் இருப்பதால் விடிந்ததில் இருந்தே யாருக்கும் சிக்னல் கிடைக்காது. பௌர்ணமியன்று ஆப்பில் எந்த மாற்றமும் வெளியிடக் கூடாது என்பது அவளும் நானும் எங்களுக்குள் வைத்திருந்த சட்டம். அவள் இந்த ஊரில் இருந்தவரை நான் போனின் ஹாட்ஸ்பாட்டில்தான் வேலை பார்த்தேன். அவள் போன பிறகுதான் எங்கள் வீட்டுக்குக் கேபிள் நெட் வந்தது. அதற்குப் பௌர்ணமி, அமாவாசை என்று எதுவும் தெரியாது, எப்போதும் போல ஓடும். அது அவளுக்குத் தெரியாது.

சாப்பிட உட்காரும்போது கணவர், "நேத்து சொன்னியே, அந்த மெயில் வந்துச்சாம்மா?" என்றார். "இன்னும் வரலைங்க" என்றேன். பிறகு உள்ளே போய் என் போனில் வைஃபையை அணைத்தேன். இனி அவள் அனுப்புகிற செய்தி ஒற்றை டிக்கோடு நிற்கும். சிக்னல் இல்லை என்று அவளே நினைத்துக்கொள்வாள். இதெல்லாம் தெரியாமலா ஆப் எழுதிப் பிழைக்கிறோம்? கோபத்தில் செய்தேன் என்று சொல்ல முடியாது. நிதானமாக, எது முதலில் எது பிறகு என்று யோசித்துத்தான் செய்தேன்.

மூன்று மணியில் இருந்து லேப்டாப் முன்னால் உட்கார்ந்திருந்தேன். தெருவில் அரோகரா சத்தம். நான்கு மணிக்கு ஒரு முறை அமுக்கிவிடலாம் என்று தோன்றியது, தபால்காரரை நினைத்தேன். உடனே அந்தப் பரிந்துரைத்தவர் வரி கண்ணில் பட்டது. ஐந்தரைக்கு மறுபடியும் தோன்றியது. ஆறு அடிக்க இரண்டு நிமிடம் இருக்கும்போது விரலைப் பட்டன் மேலேயே வைத்திருந்தேன். அமுக்கத்தான் போகிறேன் என்று நானே நம்பினேன். ஆறு மணிக்குப் பட்டன் சாம்பல் நிறமானது. எழுந்து போய் டீ போட்டேன்.

மறுநாள் கூட்டம் கலைந்து போனுக்கு உயிர் வந்தபோது அவள் செய்திகள் கொத்தாக வந்து விழுந்தன. அமுக்கிட்டியா, ஏய் அமுக்கிட்டியா, மாடில போய் நின்னு பாரேன், பக்கத்துல யாராவது லேண்ட்லைன் வெச்சிருக்காங்களா, ஆறாகப் போகுதுடி. பன்னிரண்டு முறை கூப்பிட்டிருந்தாள். 'சிக்னலே இல்லடி, இப்பத்தான் வருது' என்று பதில் போட்டேன்.

மாதக் கடைசியில் என் ஆப் நின்றது. திறந்தால் வெள்ளைத் திரை. தபால்காரர் கூப்பிட்டார். "அம்மா, பையன் ரெண்டு நாளா ஒண்ணும் எழுதலியா, இல்ல உன்னுது ரிப்பேரா?" என்று கேட்டார். கம்பெனிக்காரர்கள் மூடிவிட்டார்கள் ஐயா என்றேன். "அப்ப பையன் நல்லாத்தான் இருக்கான்" என்றார். அவர் குரலில் இருந்த நிம்மதியை என்னால் தாங்க முடியவில்லை. மகன் பெயரைக் கேட்டு, அன்றைய பதிவை நானே போனில் படித்துச் சொன்னேன். பேத்திக்கு முன்பல் விழுந்துவிட்டதாம். நாளைக்கும் படிக்கிறாயா என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

எல்லோரும் எனக்காகப் பரிதாபப்பட்டார்கள். பெரிய கம்பெனிக்காரன் புத்தி அப்படித்தான் என்றார்கள். தெரிந்த நண்பர்கள் கம்பெனியைத் திட்டிப் பதிவு போட்டார்கள், கடைசியில் என்னுடைய படத்தையும் சேர்த்து. அவர்கள் சொன்னது பொய்யில்லை. எத்தனையோ பேர் பிழைப்பை அந்தக் கம்பெனி நிஜமாகவே மூடியது. என்னுடையதை மட்டும் அது மூடவில்லை.

இரண்டு வாரம் கழித்து லீவில் அவள் ஊருக்கு வந்தாள். ஒரு புதன்கிழமை, கணவர் பள்ளிக்கூடத்தில் இருக்கிற நேரம், சொல்லாமல் கொள்ளாமல் வீட்டு வாசலில் நின்றாள். முகம் வாடியிருந்தது. வேலை எப்படி இருக்கிறது என்று கேட்டேன். "நான் இப்ப ஒரு வரி எழுதறதில்லடி. மீட்டிங்தான்" என்றாள். எனக்கு ஏசி அறையும் மீட்டிங்கும் கண்ணில் ஓடின. சோபாவில் உட்காரப் போனாள். அவள் உட்கார்ந்தால் நேர் எதிரே டிவி ஸ்டாண்டு, அதன் மேல் கேபிள் நெட்டின் பெட்டி, நான்கு விளக்குகளும் எரிந்துகொண்டிருந்தன. நான் போய் டிவி ஸ்டாண்டில் சாய்ந்து நின்றுகொண்டேன்.

"நீ உக்காரலியா?"

"இல்ல, காலைலேர்ந்து உக்காந்தே இருக்கேன்."

கொஞ்ச நேரம் கைக்குட்டையை மடித்துக்கொண்டிருந்தாள். பிறகு, "உன் ஆப் போனதுக்கு நான்தான்டி காரணம்" என்றாள்.

நான் டிவி ஸ்டாண்டோடு இன்னும் ஒட்டி நின்றேன். அவள் என்னைப் பார்க்காமலே பேசினாள். "அந்த மீட்டிங்குல தேதி சொன்னப்பவே எனக்குத் தெரியும், அன்னைக்குப் பௌர்ணமின்னு. ஒரு நாள் தள்ளி வைங்கன்னு கேட்டிருக்கலாம். வாயெடுத்தேன். எங்க ஊர்ல பௌர்ணமியானா சிக்னல் வராதுன்னு அத்தன பேர் முன்னால சொல்ல எனக்கு வெக்கமா இருந்துச்சு. சிரிப்பாங்கன்னு நெனச்சேன். அந்த ஒரு வெக்கத்துக்கு உன் ஆப்ப நான் கொன்னுட்டேன்டி. ராவெல்லாம் தூக்கமில்ல. என்ன மன்னிச்சிடு."

சொல்லிவிட்டு அழுதாள். காலேஜில் அரியர் வைத்தபோதுகூட அழாதவள். நான் அப்போது சொல்லியிருக்கலாம். இரண்டு அடி நகர்ந்திருந்தால்கூடப் போதும், பெட்டியைப் பார்த்து அவளே புரிந்துகொண்டிருப்பாள். நான் நகரவில்லை. கையை மட்டும் நீட்டினேன். அவள் எழுந்து வந்து அதைப் பிடித்துக்கொண்டாள்.

"உடுடி, நீ இன்னா வேணும்னேவா செஞ்ச?" என்று சொன்னேன். பெரிய மனசுடி உனக்கு என்று அவள் என் தோளில் சாய்ந்தாள். அவள் அழுது முடிக்கிறவரை முதுகைத் தடவிக்கொடுத்தேன். அத்தனை வருடத்தில் அந்த ஒரு நாள்தான் எனக்கு அவள் மேல் பொறாமையே இல்லை.